கியோட்டோவில் ஒரே ஒரு நாள்தான் என்றால் எந்தக் கோயில்கள், தோட்டங்களைப் பார்க்கலாம்?

நண்பர்களோடு ஜப்பான் போகிறீர்கள், கியோட்டோவுக்கு ஒரு நாள்தான் ஒதுக்க முடிகிறது, பழைய கோயில்களும் தோட்டங்களும் பார்க்க ஆசை, எங்கே போவது என்று கேட்டிருக்கிறீர்கள். இதே நிலைமையில் நாங்கள் நான்கு பேர் ஒரு ஜூன் மாதத்தில் போய்வந்தோம். நான், கல்லூரியில் கூடப் படித்த இரண்டு பேர், அவர்களில் ஒருவனுடைய மனைவி. அவர் கட்டடக்கலை படித்தவர். எங்கள் பட்டியலில் ஒன்பது இடங்கள் இருந்தன. பார்த்தது மூன்று. உங்களுக்கும் அந்த மூன்றைத்தான் சொல்வேன்: ரியோஆன்ஜி, கின்காகுஜி, தென்ரியூஜி. முதல் இரண்டும் நகரின் வடமேற்கில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மூன்றாவது மேற்கே அராஷியாமாவில். கிழக்கே இருக்கும் கியோமிசு கோயிலும் கின்காகுஜியும் என்று ஊரின் இரண்டு முனைகளை ஒரே நாளில் வைத்துக்கொண்டால் பாதி நாள் பேருந்தில் போய்விடும்.

காலை எட்டு மணிக்கு ரியோஆன்ஜி திறக்கும்போது வாசலில் நின்றோம். கியோட்டோ நிலையத்திலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஜூன் அங்கே மழைக்காலம். நாங்கள் இறங்கும்போதே தூறல். நண்பன் முகம் வாடிவிட்டது. ஆனால் அன்று மழை பெய்ததுதான் எங்கள் அதிர்ஷ்டம் என்று இப்போதும் சொல்வேன். கூட்டம் இல்லை, பாசி முழுக்கப் பச்சைப் பசேல் என்று இருந்தது. அதைவிட முக்கியமாக, அவசரமாக ஓட முடியாமல் உட்கார்ந்துவிட்டோம்.

ரியோஆன்ஜியின் கல் தோட்டத்தைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். கிழக்கு மேற்காக 25 மீட்டர், வடக்கு தெற்காக 10 மீட்டர். வெள்ளைச் சரளை பரப்பி, அதில் வரிவரியாகக் கோடு இழுத்து, 15 கற்களை ஐந்து கூட்டமாக வைத்திருக்கிறார்கள். மரம் இல்லை, பூ இல்லை, தண்ணீர் இல்லை. கற்களின் அடியில் மட்டும் கொஞ்சம் பாசி. மரத் தாழ்வாரத்தில் எங்கே உட்கார்ந்து எண்ணினாலும் பதினைந்தில் ஏதாவது ஒரு கல் இன்னொன்றின் பின்னால் மறைந்துவிடும். நாங்களும் எல்லாரையும் போல இடம் மாறி மாறி உட்கார்ந்து எண்ணினோம். எனக்கு 14, அவனுக்கு 13, மறுபடி 14.

நுழைகிற இடத்தில் கண் தெரியாதவர்கள் தொட்டுப் பார்ப்பதற்காக அந்தத் தோட்டத்தின் சின்ன மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள். வந்தவர்கள் பெரும்பாலும் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போனார்கள். நண்பனின் மனைவி மட்டும் திரும்பி வந்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் ஒவ்வொரு கல்லாகத் தடவிக்கொண்டே போனார். "பதினைஞ்சும் இருக்குண்ணா" என்றார். தாழ்வாரத்தில் உட்கார்ந்து கண்ணால் ஒரே பார்வையில் எண்ண முடியாததை விரல் எண்ணிவிட்டது. நீங்கள் போனால் அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

இந்தத் தோட்டத்தை யார் அமைத்தார்கள் என்பதற்கு உறுதியான பதில் கிடையாது. எந்த ஆண்டு என்பதிலும் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. கோயில் 1450இல் தொடங்கியது. ஒனின் போர் என்ற உள்நாட்டுப் போரில் எரிந்து, 1488இல் மீண்டும் எழுந்தது. ஆனால் ஒரு கல்லின் பின்புறம், பார்க்க வருகிறவர் கண்ணுக்குப் படாத பக்கத்தில், இரண்டு பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று கொதாரோ. கல் தூக்கி, மண் வெட்டிய கவராமோனோக்களின் பெயர்களாக இருக்கலாம் என்கிறார்கள். கவராமோனோ என்றால் 'ஆற்றங்கரை ஆட்கள்'. வரி இல்லாத ஆற்றுப் புறம்போக்கில் குடியிருந்து, செத்த மாட்டின் தோல் உரிக்கும் வேலையைச் செய்தவர்கள். ஊருக்குள் அவர்களைத் தீட்டு என்று ஒதுக்கி வைத்தார்கள். மண்ணைத் தோண்டுவதும் மரத்தைப் பெயர்ப்பதும் தீட்டான வேலை என்று அவர்கள் தலையிலேயே விழுந்தது. அந்த வேலையிலேயே தேறி, கல்லை எங்கே எப்படி நட வேண்டும் என்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை என்ற நிலைக்கு வந்தார்கள். ஜென்ஆமி என்ற கவராமோனோவை ஷோகுன் (நாட்டை ஆண்ட ராணுவத் தலைவர்) யோஷிமாசா அவ்வளவு மதித்தார். ஜென்ஆமி நோயில் படுத்தபோது மருந்து அனுப்பி வைத்திருக்கிறார். இதைப் போகும் முன்பே படித்திருந்தேன். ஆனால் மழையில் நனைந்து கறுத்த அந்தக் கற்களின் முன்னால் உட்கார்ந்து நினைக்கும்போதுதான் தொண்டையை அடைத்தது. உலகம் முழுவதிலிருந்தும் மக்கள் வந்து வாய் பேசாமல் உட்கார்ந்திருக்கும் இடத்தை, ஊரே ஒதுக்கி வைத்தவர்கள் செய்திருக்கலாம். நம் ஊர்க்காரர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தாழ்வாரத்தின் பின்பக்கம் ஒரு கல் தொட்டி இருக்கிறது. குனிந்து கை கழுவுவதற்கானது. வட்டமான காசு வடிவம், நடுவில் சதுரமாக ஒரு குழி, அதில்தான் தண்ணீர். குழியைச் சுற்றி நான்கு பக்கமும் நான்கு எழுத்துக்கள். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் அரைகுறை. நடுவில் இருக்கும் சதுரத்தையும் சேர்த்துப் படித்தால்தான் நான்கும் முழு எழுத்தாகும். 'போதும் என்பதை மட்டுமே நான் அறிவேன்' என்று பொருள். இதைச் சொன்னவுடன் நண்பன், "போதுமென்ற மனமே பொன்செய்யும் மருந்து, எங்க பாட்டி சொல்றதுதான்டா" என்றான். நாங்கள் அடுத்துப் போக வேண்டியதோ பொன் வேய்ந்த கோயில்.

கிளம்பும் முன் கீழே இருக்கும் கியோயோசி குளத்தை ஒரு சுற்று சுற்றுங்கள். ஜூனில் அல்லி பூத்திருக்கும்.

அங்கிருந்து கின்காகுஜிக்கு இருபது நிமிட நடை. இந்த இடத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. கூட்டம் நம்மைத் தள்ளிக்கொண்டே போகும், உட்கார இடம் கிடையாது. ஆனாலும் விட்டுவிடாதீர்கள். குளத்தின் ஓரத்தில் அந்த மூன்று மாடிக் கட்டடம் முதலில் கண்ணில் படும்போது எல்லார் வாயிலிருந்தும் ஒரு சத்தம் வரும், எங்கள் வாயிலிருந்தும் வந்தது. கீழ்த்தளம் வெறும் மரம், மேலே இரண்டு தளங்கள் பொன். 1397இல் ஷோகுன் யோஷிமிட்சு தன் ஓய்வு மாளிகையாக எழுப்பியது. அவர் இறந்த பிறகு கோயிலானது. கோயிலின் முறையான பெயர் ரொகுஓன்ஜி. ரொகுஓன் என்றால் மான் பூங்கா, அதாவது புத்தர் முதல் உபதேசம் செய்த சாரநாத்.

இன்று நாம் பார்க்கும் கட்டடம் 1955இல் கட்டியது. 1950 ஜூலையில் அங்கேயே இருந்த இளம் துறவி ஒருவர் தீ வைத்து, பழையது முழுக்க எரிந்துபோனது. 1987இல் பொன் தகட்டை முன்பைவிடத் தடிமனாக, சுமார் 20 கிலோ பொன்னில், மறுபடி வேய்ந்தார்கள். இதைக் கேட்டதும் நண்பன் சோர்ந்துவிட்டான். "அப்போ இது பழசே இல்லையா?" அப்போது அவன் மனைவி சொன்னதுதான் அந்த நாள் முழுக்க என் கூடவே வந்தது. "கட்டடத்தை விடுங்க. குளத்தைப் பாருங்க, கல்லைப் பாருங்க. அதெல்லாம் யோஷிமிட்சு காலத்துது."

தஞ்சைப் பெரிய கோயில் 1010இல் முடிந்தது, அன்று ஏற்றிய கல் இன்றும் அங்கேதான் நிற்கிறது. நமக்குப் பழங்காலம் என்றால் கட்டடம். அந்தப் பழக்கத்தில் கியோட்டோவுக்குப் போனால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். மரத்தில் கட்டியதால் போரிலும் தீயிலும் திரும்பத் திரும்ப எரிந்திருக்கிறது. ரியோஆன்ஜியில் நாங்கள் உட்கார்ந்திருந்த மண்டபம்கூட, 1797இல் பழையது எரிந்த பிறகு ஒரு துணைக் கோயிலிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்து வைத்ததுதான். எரியாமல் நின்றவை கல்லும் குளமும். ஆக, அங்கே தோட்டம் கோயிலுக்கு முன்னால் போட்ட அலங்காரம் இல்லை. அதுதான் மூத்தது. இது புரிந்த பிறகு நாங்கள் பார்க்கும் திசையே மாறிவிட்டது.

கின்காகுஜியில் கட்டடத்தைத் தாண்டி மேலே ஏறும் வழியில் ஒரு சிறிய அருவி விழுகிறது. அருவியின் அடியில் சாய்வாக ஒரு கல் நட்டிருக்கிறார்கள். கெண்டை மீன் அது. அருவியை எதிர்த்து ஏறிவிட்ட கெண்டை டிராகன் ஆகும் என்பது சீனத்துக் கதை. இந்தக் கல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மதியம் மறுபடி வரும்.

அங்கிருந்து கித்தானோ ஹக்குபாய்ச்சோ நிலையம் வரை நடந்து, ராந்தென் என்ற ஒற்றைப் பெட்டி டிராம் பிடித்தோம். வீட்டுக் கொல்லைப்புறங்களை உரசிக்கொண்டு போகிறது. வழியில் நின்னாஜி கோயிலின் பெரிய வாசல் நிலையத்திலிருந்தே தெரியும். இறங்கலாமா என்று ஒருவன் கேட்டான், மூன்று பேரும் சேர்ந்து வேண்டாம் என்றோம். கதபிரானோட்சுஜியில் வண்டி மாறினால் அராஷியாமா. கடைசி நிறுத்தத்திலிருந்து தென்ரியூஜி இரண்டு நிமிடம்.

முதலில் சாப்பாடு. சைவம் சாப்பிடுகிறவர்கள் ஜப்பானில் படும் பாடு உங்களுக்குத் தெரிந்திருக்கும். காய்கறிக் குழம்பு என்று நம்பி வாங்கினால் அடியில் மீன் சாறு இருக்கும். தென்ரியூஜி வளாகத்துக்குள்ளேயே ஷிகெட்சு என்ற உணவகம் இருக்கிறது. துறவிகள் சாப்பிடும் ஷோஜின் சமையல். மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. தரையில் பாயில் உட்கார வைத்து, சிவப்பு அரக்குத் தட்டில் சின்னச் சின்னக் கிண்ணங்களாகக் கொண்டு வைத்தார்கள். எள்ளை அரைத்துச் செய்த தோஃபு ஒரு துண்டு இருந்தது. கரண்டி பட்டதும் அல்வா மாதிரி வழுக்கியது, வாயில் போட்டால் நல்லெண்ணெய் மணம். நான்கு நாளாகப் பழமும் ரொட்டியும் சாப்பிட்டு வந்த நண்பனின் மனைவி ஒரு கிண்ணத்திலும் எதையும் மிச்சம் வைக்கவில்லை. மதியம் மட்டும்தான் உண்டு, முன்பதிவு செய்துவிடுவது நல்லது.

கோயிலுக்குள் நுழைந்ததும் எதிரே ஒரு பெரிய ஓவியம். புருவம் நெரித்து, கண்ணை உருட்டிக்கொண்டு ஒருவர் நம்மை முறைக்கிறார். தருமா, அதாவது போதிதர்மர். தென்னிந்திய மன்னன் ஒருவனின் மூன்றாவது மகன் என்று சீனத்துப் பழைய குறிப்புகள் சொல்கின்றன. காஞ்சிபுரம் என்பது நம் பக்கத்து மரபு. அவரிடமிருந்து வந்ததாகச் சொல்லப்படும் வழிதான் ஜென். தியானம் என்ற சொல்தான் சீனாவில் சான் ஆகி, ஜப்பானில் ஜென் ஆனது. அந்த முறைப்பின் முன்னால் நாங்கள் நால்வரும் கொஞ்ச நேரம் கை கூப்பி நின்றோம்.

தென்ரியூஜி 1339இல், இறந்துபோன பேரரசர் கொதாய்கோவின் ஆன்மா சாந்தியடைய ஷோகுன் ஆஷிகாகா தகாவுஜி தொடங்கியது. அந்தப் பேரரசரை அரியணையிலிருந்து விரட்டியவரும் அவர்தான். கட்டப் பணம் போதாமல் சீனாவுக்கு வணிகக் கப்பல் அனுப்பி, வந்த லாபத்தில் முடித்தார்கள். எட்டு முறை எரிந்திருக்கிறது, கடைசியாக 1864இல். பெரிய மண்டபம் 1899இல் கட்டியது. ஆனால் அதன் எதிரே இருக்கும் சோகென் குளமும் கற்களும், முதல் தலைமைத் துறவி முசோ சோசெகி அமைத்தபடியே கிட்டத்தட்ட 700 வருடமாக இருக்கின்றன.

மண்டபத்தின் ஓரத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தோம். குளத்துக்கு அந்தப் பக்கம் மரங்கள், அதற்குப் பின்னால் மலை. தோட்டம் எங்கே முடிகிறது, மலை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. வெளியே இருக்கும் மலையையும் தோட்டத்தில் ஒரு பகுதியாகச் சேர்த்துக்கொள்வதை ஷாக்கேய் என்கிறார்கள், இரவல் வாங்கிய காட்சி. மழை வலுக்கும்போது மலை காணாமல் போய் வெறும் வெள்ளை நிற்கும். கொஞ்சம் விட்டதும் முதலில் பைன் மரங்களின் முனை, அப்புறம் சரிவு, அப்புறம் மலை முழுசாக வரும். அரை மணி நேரத்துக்குள் மூன்று தடவை போய் வந்தது.

குளத்தின் எதிர்க்கரையில் கற்களை அடுக்கி ஓர் அருவி. இப்போது அதில் தண்ணீர் இல்லை. காலையில் பார்த்த கெண்டைக் கல் இங்கேயும் இருக்கிறது, ஆனால் அடியில் இல்லை. அருவியின் பாதி உயரத்துக்கு ஏறிவிட்டது. மீனாகவும் இல்லாமல் டிராகனாகவும் ஆகாமல் நடுவழியில். நண்பன்தான் அதைக் கண்டுபிடித்துக் காட்டினான்.

கீழே குளக்கரையில் வயதான அம்மா ஒருவர், மழைக்கோட்டும் விரல் பிரிந்த ரப்பர் காலணியும் போட்டுக்கொண்டு, பாசியில் குந்தி உட்கார்ந்து களை எடுத்துக்கொண்டிருந்தார். புல்லை இழுக்கவில்லை. இரண்டு விரலால் பாசியை அழுத்திப் பிடித்து, மறு கையில் இருந்த சின்ன இரும்பால் வேரைக் கிளப்பி எடுத்து, தூக்கிய இடத்தை மறுபடி உள்ளங்கையால் தட்டி வைத்தார். நாங்கள் பார்த்த நேரம் முழுவதும் ஒரு சுளகு அகலத்தைத்தான் முடித்திருந்தார். தோட்டத்தின் வயது 700 என்றால், இப்படி 700 வருடம் யாரோ ஒருவர் குந்தி உட்கார்ந்திருக்கிறார்.

ஐந்து மணிக்கு மூடும்வரை அங்கேயே இருந்தோம். பக்கத்தில் இருக்கும் மூங்கில் காட்டுக்கு வடக்கு வாசல் வழியாக நேரே போகலாம். நாங்கள் அதைக் கடைசியில் பத்து நிமிடத்தில் நடந்து முடித்தோம், அதுவே போதும்.

சில நடைமுறை விஷயங்கள். பேருந்துக்கு மட்டுமான ஒரு நாள் பயணச்சீட்டைப் பழைய பயணக் குறிப்புகளில் பார்த்திருப்பீர்கள், அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது சுரங்க ரயிலும் பேருந்தும் சேர்ந்த சீட்டு 1,100 யென். ராந்தெனுக்கு அது செல்லாது, தனியாகக் கொடுக்க வேண்டும். கோயிலுக்குள் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பதால் மழை நாளில் ஒரு ஜோடி காலுறை கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துப் பாதையில் கறுப்புக் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டிய, பந்து அளவு கல் ஒன்று வைத்திருந்தால், இதற்கு மேல் வராதீர்கள் என்று அர்த்தம்.

மறுநாள் காலை ரயில் பிடிக்கும் முன் ஒரு மணி நேரம் கிடைத்தால், நிலையத்திலிருந்து கிழக்கே நடந்து போகும் தூரத்தில் சன்ஜூசன்கென்தோ இருக்கிறது. தீயில் போய் 1266இல் மீண்டும் கட்டிய, 120 மீட்டர் நீள மர மண்டபம். அதில் கருணையின் போதிசத்துவரான கன்னோனின் ஆயிரத்தொரு சிலைகள். அவற்றின் முன்வரிசையில் 28 காவல் தெய்வங்கள் நிற்கின்றன. பெயர்ப்பலகையில் நராஎன் என்றிருந்தால் நாராயணன், போன்தென் என்றால் பிரம்மா, தைஷாகுதென் இந்திரன். கருரா என்று ஒருவர் இறக்கையோடு நின்று புல்லாங்குழல் ஊதிக்கொண்டிருப்பார். நம் கருடன்தான். தேடிப் பாருங்கள்.