எடை குறையவில்லை, எழத்தான் முடியவில்லை

கேள்வி: அம்மாவுக்கு வயது 74. நிமோனியா வந்து பத்து நாள் படுக்கையில் இருந்தார். காய்ச்சல் போய்விட்டது, எடையும் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. புரோட்டீன் பவுடர் கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது. முதலில் அந்த எடை மெஷினை ஓரமாகத் தள்ளி வையுங்கள். தசை கரைந்த இடத்தில் கொழுப்போ நீரோ சேர்ந்தால் முள் நகராது. 2007-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த முதியவர்களையே பத்து நாள் படுக்க வைத்தார்கள். கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ போனது, பெரும்பாலும் தசை. உங்கள் அம்மாவுக்கு நோயும் சேர்ந்துகொண்டது.

பவுடருக்கு வருகிறேன். 1994-இல் மருத்துவ ஆய்வாளர் மரியா ஃபியாடரோன் குழுவினர், சராசரி வயது 87 கொண்ட நூறு பேரிடம் சோதித்தார்கள். சத்துபானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலம் கூடவில்லை. எடைப் பயிற்சி செய்தவர்களுக்குக் கூடியது. ஆமாம், 87 வயதில்!

அதற்காகச் சாப்பாட்டைக் குறைத்துவிடாதீர்கள். நோயிலிருந்து மீளும் முதியவருக்கு, உடல் எடையில் கிலோவுக்குத் தினம் 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்பது நிபுணர்களின் பரிந்துரை. 50 கிலோ என்றால் 60 முதல் 75 கிராம். மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது, மருத்துவரைக் கேளுங்கள்.

பயிற்சிக்கு அந்த நாற்காலியே போதும். சுவரோரம் போட்டு, நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். எழுவது, உட்காருவது, களைத்தால் ஓய்வு. ஆரம்பத்தில் கை ஊன்றட்டும், பரவாயில்லை. "நீ எழுந்திருக்காதேம்மா" என்று தண்ணீரைக் கையில் கொண்டுபோய்க் கொடுக்கும் பாசம் இருக்கிறதே, பிசியோதெரபிஸ்டான எனக்கு அதுதான் முதல் எதிரி. தலை சுற்றினாலோ மூச்சு வாங்கினாலோ மட்டும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.