வராத கையைப் பிடித்து இழுக்காதீர்கள்
பக்கவாதத்துக்குப் பிறகான வீட்டுப் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

அப்பாவுக்கு (66) வலது கை, கால் வராமல் போய் ஐந்து வாரம். இப்போது வலது தோளில் வலி என்று ராத்திரி முழுக்கத் தூங்குவதில்லை. பக்கவாதத்தில் வலியும் வருமா?
– மகள், கும்பகோணம்

வரும், பல வீடுகளில் அதில் பெரும்பங்கு நம் கைங்கரியம். தோள் மூட்டின் குழி ஆழமில்லாதது. எலும்பின் பந்து அதில் நிற்பதே சுற்றியுள்ள தசைகளின் பிடியால்தான். அந்தப் பிடி தளர்ந்ததும் கையின் கனமே (60 கிலோ ஆளுக்குச் சுமார் 3 கிலோ) மூட்டைக் கீழே இழுக்கிறது. தோள் முனைக்குக் கீழே தடவிப் பாருங்கள். ஒரு விரல் அகலத்துக்குப் பள்ளம் தட்டுப்பட்டால் மூட்டு இறங்கியிருக்கிறது. இந்த நிலையில் 'எழுந்திருங்கப்பா' என்று அந்தக் கையைப் பிடித்து இழுத்தாலும், கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினாலும், மூட்டைச் சுற்றியுள்ள நார்கள் நைந்துபோகும்.

எழுப்ப வேறு வழி இருக்கிறது. இரண்டு முழங்காலையும் மடக்கி, இடது பக்கமாக ஒருக்களிக்க வையுங்கள். கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்குங்கள். உங்கள் ஒரு கை அவர் தோள்பட்டை எலும்புக்குப் பின்னால், மற்றது இடுப்பில். அவர் இடது முழங்கையை ஊன்றித் தள்ளட்டும்; நீங்கள் கூடவே எழுப்புங்கள். நிற்க வைக்கும்போது இடுப்பில் தேங்காய்ப்பூத் துண்டை இறுக்கிக் கட்டி, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்திருக்கும்போது கை தொங்கக் கூடாது. மடியில் ஒரு தலையணை வைத்து அதன்மேல் கை. கழுத்தில் மாட்டும் தூளி நிற்கும்போதும் நடக்கும்போதும் மட்டும் போதும். நாள் முழுக்க மாட்டினால் முழங்கை மடங்கியபடியே இறுகிவிடும். கப்பியில் கயிறு கட்டி, நல்ல கையால் இழுத்து வராத கையைத் தலைக்கு மேல் தூக்கும் பயிற்சியை யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். தோள்பட்டை எலும்பு கூடவே சுழலாமல் கை மட்டும் உயர்ந்தால் இடையிலுள்ள தசைநார் நசுங்கும். சட்டை போடும்போது வராத கை முதலில் நுழைய வேண்டும், கழற்றும்போது அது கடைசியில். விரல்கள் வீங்கி, தோல் பளபளத்து, தொட்டாலே துடித்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். அது வேறு சிக்கலின் ஆரம்பம்.

மாமியாருக்குத் தண்ணீர் குடித்தால் புரை ஏறுகிறது. அதனால் ரசம் சாதத்தைக் குழைத்துக் கொடுக்கிறோம். அதற்கும் இருமுகிறார். என்ன செய்ய?
– வாசகி, திருநெல்வேலி

இந்த நிலையில் கொடுக்கக் கூடாதவற்றில் முதல் வரிசையில் வருவது ரசம் சாதம். பருக்கை வாயில் நிற்கும்; ரசம் அதற்கு முன்பே தொண்டைக்கு ஓடிவிடும். விழுங்கும் தசைகள் மெதுவாகிவிட்டவருக்கு இரண்டு வேகத்தில் வரும் உணவைச் சமாளிக்க முடியாது. தண்ணீரிலும் இதே சிக்கல்தான்: தொண்டை மூடிக்கொள்வதற்குள் அது மூச்சுக்குழாய் வாசலில் நிற்கும்.

ஒரே பதத்தில் இருப்பவைதான் பாதுகாப்பு: கரண்டியிலிருந்து சொட்டாமல் கனமாக விழும் கேழ்வரகுக் கஞ்சி, மிக்ஸியில் மசித்த பருப்பு சாதம், கெட்டித் தயிர். எவ்வளவு கெட்டி என்பதை ஸ்பீச் தெரபிஸ்ட் (பேச்சோடு விழுங்குவதையும் கவனிப்பவர்) ஒருமுறை விழுங்கவைத்துப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். அதுவரை தண்ணீரைத் தனியாகக் கொடுத்துப் பரிசோதிக்காதீர்கள்.

ஊட்டும்போது படுக்கை கூடாது, சாய்வும் போதாது. முதுகு நிமிர்ந்து 90 டிகிரி. எதிரே, அவர் கண் மட்டத்தில் நீங்கள் உட்காருங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்து பார்ப்பார், மூச்சுக்குழாய் திறந்துகொள்ளும். டீஸ்பூனில் பாதியளவு, உணர்ச்சியுள்ள கன்னத்துப் பக்கம். குரல்வளை மேலேறி இறங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். முடிந்ததும் பாதித்த கன்னத்துக்குள் சோறு ஒதுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேரம் உட்காரவைத்த பிறகே படுக்கை. ஸ்ட்ரா வேண்டாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: எச்சில் மாவுச்சத்தைக் கரைக்கும். வாய்க்குள் போய்வந்த ஸ்பூனைக் கஞ்சிக் கிண்ணத்திலேயே திரும்பத் திரும்ப விட்டால் பத்து, இருபது நிமிடத்தில் கஞ்சி நீர்த்துவிடும். சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இருமல் வராததால் நிம்மதியடையவும் முடியாது. சிலருக்கு உணவு நுரையீரலுக்குள் போனாலும் இருமலே வராது. சாப்பிட்டபின் குரல் கரகரவென நீர் கோத்ததுபோல் மாறுவதும், அடிக்கடி லேசாகக் காய்ச்சல் அடிப்பதும் அதன் அடையாளம். காலையும் இரவும் வாயைச் சுத்தம் செய்யுங்கள். நிமோனியாவைக் கொண்டுவரும் கிருமிகள் அழுக்கு வாயிலிருந்துதான் கீழே இறங்குகின்றன. மாத்திரைகளைப் பொடிப்பதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்தால் நாள் முழுக்க வர வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும்.

புறா ரத்தம் தேய்த்தால் கை வரும் என்கிறார்களே?
– வாசகர், தருமபுரி

வராது. அடைப்போ ரத்தக்கசிவோ மூளையில். கையின் தோலில் எதைத் தேய்த்தாலும் அங்கே போய்ச் சேராது. எண்ணெய் தடவுவதில் தப்பில்லை, ஆனால் பயிற்சிக்குப் பதிலாக அது ஆகாது. வெந்நீர் ஒத்தடம்தான் அபாயம். உணர்ச்சியில்லாத கையில் கொப்புளம் வந்த பிறகுதான் சூடு தெரியவரும்.

பிசியோ வராத நாட்களில் ரப்பர் பந்து அமுக்கச் சொல்லலாமா?
– மகன், ஈரோடு

விரல்கள் மடங்கி இறுகத் தொடங்கியிருந்தால் வேண்டாம். மடக்குவது அந்தக் கைக்குத் தானாகவே வருகிறது, வராதது விரிப்பது. மேஜைமேல் துண்டை விரித்து, உள்ளங்கையை அதன்மேல் வைத்து முன்னே தள்ளி இழுக்கட்டும். பிளாஸ்டிக் டம்ளரைப் பிடித்து நகர்த்தி, *விட* வேண்டும். அந்த விடுதலில்தான் பயிற்சி இருக்கிறது. பத்து முறை செய்து நிறுத்தினால் மூளை கண்டுகொள்ளாது. நூறு, இருநூறு என்று நாளில் பல தவணையாகப் போக வேண்டும்.

அசைவே இல்லாத கைக்கு நிலைக்கண்ணாடிப் பயிற்சி. கைகால் இழந்தவர்களின் மாய வலிக்காக (இல்லாத கைகாலில் உணரும் வலி) இதை முதலில் செய்து காட்டியவர் தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன்; பிறகு பக்கவாதத்துக்கும் வந்தது. சுமார் ஒன்றரை அடிக்கு இரண்டடிக் கண்ணாடியை நெஞ்சுக்கு நேரே, இரு கைகளுக்கும் நடுவில் நிறுத்துங்கள். வராத கை கண்ணாடிக்குப் பின்னால். மோதிரம், வாட்சைக் கழற்றிவிட்டு, நல்ல கையை மெதுவாக அசைத்தபடி பிம்பத்தையே பார்க்கட்டும். தினம் அரை மணி, குறைந்தது நாலு வாரம்.

இறுக்கம் திடீரென்று கூடினால் பயிற்சியைக் குறை சொல்லாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப்புண், சதைக்குள் வளர்ந்த நகம் எதுவாகவும் இருக்கலாம்.

மாடிப்படி ஏறலாமா? தடி எந்தக் கையில்?
– வாசகர், மதுரை

தடி நல்ல கையில். நேராக நிற்கும்போது அதன் பிடி மணிக்கட்டு ரேகை உயரத்தில் இருக்க வேண்டும். முதலில் தடி, பிறகு பாதித்த கால், பிறகு நல்ல கால். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது பாதித்த கால் முதலில். கூட வருபவர் எப்போதும் கீழ்ப்படியில், பாதித்த பக்கம். ஏறும்போது பின்னால், இறங்கும்போது முன்னால்.

ஆறு மாதம் தாண்டிவிட்டது. இனி ஒன்றும் தேறாது என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள்.
– மனைவி, விழுப்புரம்

முதல் மூன்று மாதம் வேகம் அதிகம், பிறகு குறையும். கதவு மூடிவிடுவதில்லை. 2006-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேர் இருந்தார்கள். மணிக்கட்டையும் விரலையும் கொஞ்சமாவது விரிக்க முடிந்தவர்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு நல்ல கையை உறையால் கட்டிப்போட்டு, இரண்டு வாரம் வராத கையாலேயே வேலை செய்ய வைத்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்கள் கை நன்றாகத் தேறியது. ஒரு வருடம் கழித்தும் அது நிலைத்தது. (தெரபிஸ்ட் இல்லாமல் வீட்டில் நல்ல கையைக் கட்டிப் பார்க்க வேண்டாம், தடுமாறினால் ஊன்றக் கையிருக்காது.)

பிசியோவுக்குப் பணம் தட்டுப்பாடு என்றால் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றிக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வீட்டுக்கு வந்து தரும் பிசியோதெரபியும், பிரஷர், சுகர் மாத்திரைகளும் உண்டு. கை தேறினாலும் தேறாவிட்டாலும், பிரஷர் மாத்திரையை 'இப்போது நார்மலாக இருக்கிறதே' என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். நார்மலாக இருப்பதே மாத்திரையால்தான்.