கடலோர நீச்சல் குளம்: பயப்பட வேண்டியது எதற்கு?

கேள்வி: நெம்மேலி அருகே, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவே எங்கள் மனை இருக்கிறது. பேரக்குழந்தைகளுக்காக 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழத்தில் ஒரு நீச்சல் குளம் கட்டப்போகிறோம். பாதி தரைக்குள், பாதி தரைக்கு மேல். மணல் பூமியில் குளம் நிறைந்தால் இறங்கிவிடும், நான்கு மூலையிலும் பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) போடவேண்டும் என்கிறார் மேஸ்திரி. சரிதானா ஐயா?

– ஒரு வாசகி, நெம்மேலி

பதில்: இறங்கிவிடும் என்ற கவலையை விடுங்கள் அம்மா. நிறைந்த குளம் தரையை அழுத்துவது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை டன்தான். குழி தோண்டி நீங்கள் வெளியே கொட்டிய மணலின் எடையே அதில் பெரும்பகுதி. இறுகிய மணலுக்கு இது பெரிய சுமை அல்ல. மூலைகளில் மட்டும் பைல் நிறுத்தினால் தளம் நடுவில் ஆதாரமின்றி நிற்கும். அது இன்னும் கெடுதல். முழுத் தளமும் ஒரே பலகையாக மணலில் உட்காரட்டும்.

நான் கவலைப்படுவது காலியான குளத்தைப் பற்றி. உங்கள் மனைக்கு ஒருபுறம் கடல், மறுபுறம் கால்வாய். ஐப்பசி, கார்த்திகையில் ஊற்று, அதாவது நிலத்தடி நீர், தரைமட்டம்வரை ஏறிவிடும். அந்த நேரத்தில் கழுவுவதற்காகக் குளத்தைக் காலி செய்தால், அடியிலிருக்கும் நீர் அதை மேலே தள்ளும்.

கணக்கைப் பாருங்கள். சுவர் 20 சென்டிமீட்டர், தளம் 25 சென்டிமீட்டர் கனம் என்றால் கான்கிரீட்டின் எடை சுமார் 42 டன். தளத்தின் அடி தரைக்குக் கீழே ஒரு மீட்டரில் இருக்கும். ஊற்று தரைமட்டத்தில் நின்றால் மேல்நோக்கிய விசை 37 டன். எடை இந்த விசையைப்போல் 1.2 மடங்காவது இருக்கவேண்டும், இங்கே 1.13 மடங்குதான். மழை வெள்ளம் தரைக்கு மேல் 20 சென்டிமீட்டர் தேங்கினால் விசை 44 டன்னாகிவிடும், குளம் கிளம்பிவிடும். முழுவதும் புதைத்திருந்தால் விசை 65 டன்னைத் தொட்டிருக்கும். பாதி மேலே வைத்தது நல்ல முடிவு.

தீர்வு எளியது. தளத்தைச் சுவருக்கு வெளியே நான்கு பக்கமும் அரை மீட்டர் நீட்டிவிடுங்கள். அதன்மேல் நிரப்பும் மணலும் சேர்ந்து குளத்தைக் கீழே பிடித்துக்கொள்ளும். எடை 70 டன்னாகும். தளம் அகன்றதால் அதே வெள்ளத்தில் மேல்நோக்கிய விசையும் 58 டன்னாகும். ஆனாலும் எடை அதைப்போல் 1.2 மடங்கு. இதுதான் வேண்டும். தளத்தில் அழுத்தம் தணிக்கும் வால்வும் வைக்கலாம். ஆனால் மணலும் உப்பும் அடைத்துக்கொள்ளும் அந்த வால்வை மட்டும் நம்பிக் கட்டாதீர்கள்.

மனை சரிவாக இருந்தால் ஒரு விஷயத்தில் மிகவும் கண்டிப்பாக இருங்கள்: தளத்தின் ஒரு பாதி வெட்டிய பூமியிலும் மறுபாதி கொட்டி மேடாக்கிய மண்ணிலும் உட்காரக்கூடாது. மேடாக்கிய பக்கம் தாழ்ந்து குறுக்கே விரிசல் விடும். முழுக் குழியையும் இயற்கை மணல்வரை தோண்டச் சொல்லுங்கள்.

சுவரின் இரு முகத்திலும் கம்பி வேண்டும். நிறைந்திருக்கும்போது தண்ணீர் வெளியே தள்ளும், காலியாக இருக்கும்போது மண்ணும் ஊற்றும் உள்ளே தள்ளும். உப்புக்காற்றுக்கும் உவர் ஊற்றுக்கும் எம் 35 என்ற வலுவான தரக் கான்கிரீட், கம்பிக்கு மேல் 50 மில்லிமீட்டர் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) வேண்டும். கடல் மணலைத் தொடவே வேண்டாம். கலக்கும் நீரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்; கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. தளமும் சுவரும் சேரும் இடத்தில் நீர்க்கசிவைத் தடுக்கும் வாட்டர் ஸ்டாப் பட்டை கட்டாயம்.

கட்டும்போது ஊற்றை இறைக்கும் மோட்டாரைச் சுவர் முடிந்ததும் நிறுத்துவது பலர் செய்வது. வெளியே மணல் நிரப்பி, உள்ளே தண்ணீர் விட்ட பிறகே நிறுத்துங்கள். குளத்தின் அருகில் துளையிட்ட நான்கு அங்குல பி.வி.சி. குழாய் ஒன்றைத் தளத்தின் அடிவரை இறக்கி வையுங்கள். அதில் நீர் தளத்துக்குக் கீழே போயிருக்கிறதா என்று பார்த்தபின்தான் காலி செய்யவேண்டும். சித்திரை, வைகாசி தோதான காலம்.

உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தில் நீர் எட்டும் எல்லை) 500 மீட்டருக்குள் மனை இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும். ஓதம் ஏறும் நீர்நிலைக் கரைக்கும் தனி எல்லை உண்டு. மேஸ்திரிக்கு முன்பணம் கொடுக்கும் முன் இதை விசாரித்துவிடுங்கள். மண் பரிசோதனை செய்து, கட்டமைப்புப் பொறியாளரிடம் கையெழுத்திட்ட வரைபடமும் வாங்கிக்கொள்ளுங்கள்.