ஏழைக் குடும்பங்களுக்கு ஈடில்லாமல் தரும் சிறு கடனான நுண்கடன் பற்றிப் பள்ளி மாணவர்களுக்கு எப்படிச் சொல்லித் தருவது?

8, 9ஆம் வகுப்பு என்றால் வரையறையில் தொடங்க வேண்டாம், கணக்கில் தொடங்குங்கள்.

12,000 ரூபாய் கடன், ஓராண்டு, 12 சதவீத வட்டி. மாதாமாதம் அசலை அடைத்துவந்தும் முழு அசலுக்கும் கடைசி வரை வட்டி போட்டால் 1,440 ரூபாய். மாதம் 1,000 அசல் அடைத்து, மீதிக்கு மட்டும் வட்டி என்றால் முதல் மாதம் 120, அடுத்து 110, கடைசியில் 10, மொத்தம் 780தான். இரண்டையும் மாணவர்களே பலகையில் போடட்டும். முதல் வகையில் உண்மையான வட்டி ஏறக்குறைய 22 சதவீதம். நுண்கடனில் பலரும் ஏமாறும் இடம் இதுதான். ஒரு முழு வகுப்பு நேரத்தை இதற்கே கொடுக்கலாம்.

அடுத்து சுய உதவிக் குழு விளையாட்டு. பத்துப் பேர், வாரம் ஆளுக்கு 20 காகித ரூபாய் சேமிப்பு, எட்டு வாரம்: 1,600. யாருக்குக் கடன் என்று குழுவே பேசி முடிவெடுத்து, தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும். 1992இல் நபார்டு (வேளாண்மை, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கி) தொடங்கிய, இந்தக் குழுக்களை வங்கியோடு இணைக்கும் திட்டமும் இப்படித்தான்: முதலில் சேமிப்பு, அதிலிருந்து குழுவுக்குள்ளேயே கடன், பிறகே வங்கிக் கடன்.

விளையாட்டின் இடையிடையே, எதிர்பாராத இழப்புகளை எழுதிய துண்டுச் சீட்டுகளை எடுக்கச் செய்யுங்கள்: மாடு நோயுற்றது, மழையால் இட்லிக் கடை மூடல். இந்தச் சீட்டுகளை விட்டுவிட்டால் கடன் வாங்கினாலே வறுமை தீரும் என்ற தவறான எண்ணம் பதிந்துவிடும். தவணை கட்ட இன்னொரு கடன் வாங்குவதே பெரும் ஆபத்து. 2010இல் ஆந்திராவில் வெடித்த நுண்கடன் நெருக்கடிக்கு அதுவும் ஒரு காரணம். குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைகள் போகக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் 2022 விதியை அப்போது சொன்னால் உடனே புரியும்.

மாணவர்களின் குடும்பம் வாங்கிய கடனைப் பற்றி மட்டும் வகுப்பில் கேட்காதீர்கள்.