வயிற்று டயாலிசிஸ் தண்ணீர் கலங்கலாக வந்தால் மாத்திரை போதுமா?

அம்மாவுக்கு வீட்டில் வயிற்று டயாலிசிஸ் செய்கிறோம், வெளியே வரும் தண்ணீர் நேற்றிலிருந்து கலங்கலாக இருக்கிறது, மாத்திரை போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அது வயிற்றுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம். இப்போதே டயாலிசிஸ் நர்ஸுக்குப் போன் போடுங்கள். கலங்கல் பையைக் கொட்டிவிடாமல் கையோடு எடுத்துப் போங்கள்.

நான் மருத்துவர் இல்லை. அப்பாவுக்கு நான்கு வருடம் பை மாற்றியவன். வடிந்த பையைச் செய்தித்தாள் மேல் வைத்துப் பார்ப்போம், எழுத்து தெரிந்தால் சரி. ஒரு நாள் காலை தலைப்புச் செய்தியையே வாசிக்க முடியவில்லை, அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது. வலி பெரிதாக இல்லையே என்று தெரு முனை மெடிக்கலில் ஆண்டிபயாடிக் வாங்கிக் கொடுத்தேன். அங்கேதான் தப்பு செய்தேன். மறுநாள் ஆஸ்பத்திரியில் திரவத்தைச் சோதித்தார்கள். ஒரு மைக்ரோலிட்டரில் வெள்ளணுக்கள் 100-க்கு மேல் இருந்து, அதில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில் என்ற வகை என்றாலே தொற்று என்று சந்தேகப்படுவார்களாம், அப்பாவுக்கு வெள்ளணுக்கள் 1,800. ஆனால் கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், ஒன்றும் வளரவில்லை. முந்தைய நாள் மாத்திரையின் வேலையாக இருக்கும் என்றார் டாக்டர். எந்தக் கிருமி என்றே தெரியாமல் வைத்தியம் பார்க்க வேண்டியதாயிற்று.

மருந்தைக் கையில் ஊசியாகப் போடுவார்கள் என்று நினைத்திருந்தேன். நர்ஸ் அதை டயாலிசிஸ் பைக்குள்ளேயே ஏற்றினார். கிருமி இருக்கும் இடத்துக்கே மருந்து போய்விடுகிறது, அந்தப் பை வயிற்றில் குறைந்தது 6 மணி நேரம் இருக்க வேண்டும். கல்ச்சர் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் இரண்டு மருந்தில் தொடங்குவார்கள்: தோலிலிருந்து வரும் ஸ்டாஃப் போன்ற கிருமிகளுக்கு செஃபாசோலின் அல்லது வான்கோமைசின், குடல் பக்கத்துக் கிருமிகளுக்கு செஃப்டாசிடிம் அல்லது ஜென்டாமைசின். கிருமி தெரிந்ததும் அதற்கேற்ப மாற்றுவார்கள். பெரும்பாலும் 2 வாரம்; ஸ்டாஃப் ஆரியஸ், சூடோமோனாஸ் என்ற கிருமிகள் என்றால் 3 வாரம். நன்றாகிவிட்டதே என்று நடுவில் நிறுத்தக் கூடாது.

சரியான மருந்து கொடுத்தும் 5 நாளில் தண்ணீர் தெளியவே இல்லையென்றால் வயிற்றில் பொருத்தியிருக்கும் டியூபை எடுக்க வேண்டியிருக்கும். பூஞ்சை என்றால் உடனே எடுத்துவிடுவார்கள். ஆண்டிபயாடிக்கோடு நிஸ்டாட்டின் என்ற பூஞ்சை மருந்தைக் கொடுப்பது அந்தப் பூஞ்சை வராமல் தடுக்கத்தான்.

அப்பாவுக்கு மூன்றாம் நாளே எழுத்து தெரிந்தது. அப்புறம் நர்ஸ் என்னை உட்காரவைத்து, ஒரு தடவை பை மாற்றிக் காட்டுங்கள் என்றார். மாஸ்க், கை கழுவுவது எல்லாம் சரி. கிருமியைக் காற்றில் கிளப்பிவிடும் ஃபேனை மட்டும் அணைக்கவில்லை.