‘கிறிஸ்துமஸ் வித் த கிராங்க்ஸ்’: லூதர் கேட்ட கேள்விக்குப் படத்திடம் பதில் இல்லை

2004-இல் வெளிவந்த ‘கிறிஸ்துமஸ் வித் த கிராங்க்ஸ்’ படத்தை விமர்சகர்கள் ஏன் அப்படிச் சாடினார்கள், அதைக் குடும்பத்துடன் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் விமர்சகர்களின் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

சட்ட உலகத் திகில் நாவல்களுக்குப் பெயர்பெற்ற ஜான் கிரிஷாம், தம் வழக்கத்திலிருந்து விலகி 2001-இல் எழுதிய ‘ஸ்கிப்பிங் கிறிஸ்துமஸ்’ என்ற சிறிய நாவல்தான் இதன் மூலம். திரைக்கதையை கிறிஸ் கொலம்பஸ் எழுத, ஜோ ராத் இயக்கினார். சிகாகோ புறநகர் ஒன்றில் வாழும் லூதர் கிராங்க் (டிம் ஆலன்), நோரா (ஜேமி லீ கர்ட்டிஸ்) தம்பதியின் ஒரே மகள் பிளேர் தொண்டுப் பணிக்காகப் பெரு நாட்டுக்குப் புறப்பட்டுப் போகிறாள். வெறிச்சோடிய வீட்டில் கணக்குப் பார்க்கும் லூதர், முந்தைய ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு 6,132 டாலர் கரைந்திருப்பதைக் கண்டுபிடித்து, அதில் ஏறக்குறைய பாதிச் செலவில் கரீபியன் கடலில் கப்பல் உல்லாசப் பயணம் போய்விடலாம் என்று மனைவியைச் சம்மதிக்க வைக்கிறார். மரம், விருந்து, வாழ்த்து அட்டை, அலங்காரம் எதுவும் இந்த ஆண்டு கிடையாது என்பது ஏற்பாடு; இதெல்லாம் கட்டாயம் செய்தாக வேண்டுமா என்பதுதான் லூதரின் கேள்வி.

யாருக்கும் தீங்கில்லாத இந்த முடிவைத் தெருவே ஒரு துரோகமாக எடுத்துக்கொள்வதுதான் படத்தின் சிறந்த பகுதி. எல்லா வீட்டுக் கூரைகளிலும் ஒரே மாதிரியான ஃப்ராஸ்டி பனிமனிதப் பொம்மை நிற்க, கிராங்க் வீட்டுப் பொம்மை மட்டும் நிலவறையில் கிடக்கிறது. டான் அக்ராய்ட் நடித்திருக்கும் விக் ஃப்ரோமேயர், யாரும் தேர்ந்தெடுக்காமலே தெருவுக்குத் தலைவராகி, அந்தப் பொம்மைக்கு விடுதலை கோரி ஆட்களைத் திரட்டுகிறார். மரம் விற்க வரும் சாரணச் சிறுவர்களும் நாட்காட்டி விற்க வரும் காவலர்களும் வெறுங்கையோடு திரும்புகையில் காட்டும் முகத்தைப் பார்த்தால், வாங்காமல் இருப்பதும் ஒரு குற்றப்பிரிவில் சேர்ந்துவிட்டதோ என்று தோன்றும். ‘ஊருடன் கூடி வாழ்’ என்று ஆத்திசூடி படித்து வளர்ந்த நமக்கு இந்த நெருக்கடி புதிதல்ல. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற அச்சம் நோராவின் கண்ணில் எப்போதும் இருக்கிறது; கர்ட்டிஸ் அதை மிக நன்றாக நடித்திருக்கிறார்.

நகைச்சுவை எல்லா இடத்திலும் ஒரே தரத்தில் இல்லை. லூதர் முகச்சுருக்கம் நீக்கும் போடாக்ஸ் ஊசி போட்டுக்கொண்டு முகம் மரத்துப்போக, வாயில் வைத்த உணவு வெளியே நழுவும் காட்சியில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாறாக, மகள் திடீரென வருங்காலக் கணவனுடன் வீடு திரும்புகிறாள் என்று தெரிந்தபின், அவளுக்குப் பிடித்த பன்றி இறைச்சி டப்பாவைத் தேடி நோரா கடையில் படும் பாடு அருமை. அரும்பாடுபட்டு வாங்கிய அந்த டப்பா கை தவறிச் சாலையில் உருண்டோடி, லாரிச் சக்கரத்தில் நசுங்கும்போது, அந்த அம்மாளோடு சேர்ந்து நமக்கும் வயிற்றெரிச்சல் வருகிறது.

கோளாறு தொடங்குவதும் அந்த இடத்தில்தான். கிராங்க் தம்பதி மனம் மாறிக் கொண்டாட்டத்துக்குத் திரும்பவில்லை. மகளுக்கு உண்மை தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே திரும்புகிறார்கள். உடனே, அதுவரை மிரட்டிக்கொண்டிருந்த தெரு, ஒரே நாளில் விருந்தையும் அலங்காரத்தையும் தூக்கி நிறுத்தும் அன்புக் கூட்டமாகிவிடுகிறது. அந்த உதவி பொய்யென்று நான் சொல்லவில்லை. ஆனால் முதல் பாதியில் நடந்த தொல்லைகளுக்கு ஃப்ரோமேயர் ஒரு வருத்தம்கூடத் தெரிவிக்காதபோது, தன்னலக்காரர் என்ற பழியை லூதர் மட்டும் சுமப்பது எந்த ஊர் நியாயம்? விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் விமர்சகர்களின் ஆதரவு 5 சதவீத அளவில் கிடப்பதற்கு இந்தத் திடீர்ப் பல்டியும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். பார்வையாளர்கள் அவ்வளவு கறாராக இல்லை: ஏறத்தாழ 6 கோடி டாலர் செலவில் எடுத்த படம், உலகெங்கும் 9 கோடிக்கு மேல் வசூலித்தது.

இருப்பினும் கடைசியில் வரும் ஒரு காட்சிக்காகப் படத்தை மன்னிக்கலாம். எதிர்வீட்டு வால்ட் ஷீலுக்கும் லூதருக்கும் நெடுநாளாக ஆகாது. வால்ட்டின் மனைவி பெவ்வுக்குப் புற்றுநோய் திரும்பியிருக்கிறது. விருந்து நடந்துகொண்டிருக்கும்போதே லூதர் தெருவைக் கடந்து சென்று, தன் கப்பல் பயணத்தை அவர்களிடம் கொடுக்கிறார். வால்ட்டாக நடித்திருக்கும் எம். எம்மெட் வால்ஷின் முகத்தில் முதலில் சந்தேகம்தான் வருகிறது. இதில் என்ன சூது இருக்கிறதோ என்பது போல அவர் பார்ப்பது, அந்த நேரத்தில் அழுகையைவிட நன்றாக வேலை செய்கிறது. லூதரின் இந்தச் செயலுக்கு மட்டும் எவருடைய நெருக்குதலும் காரணமில்லை.

குழந்தைகளோடு உட்கார்ந்தால் பொழுது போவது உறுதி. பெரியவர் ஒருவர் தனியாக நேரம் ஒதுக்குவதாக இருந்தால், 200 பக்கத்துக்கும் குறைவான அந்த நாவலை முதலில் படிக்கச் சொல்வேன். ஊசிக் காட்சி போன்ற கூத்துகளைவிட லூதரின் கணக்கு வழக்கில்தான் கிரிஷாமின் குறும்பு தெரிகிறது.