மணற்காட்டில் இரண்டு இரவு: ஆறு பேருக்கு என்ன சமைக்கலாம்?

கேள்வி: ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையில் குடும்பமாக வடமராட்சி மணற்காட்டுக் கடற்கரையில் கூடாரம் அடித்து இரண்டு இரவு தங்கப்போகிறோம். வெள்ளி மதியம் போய் ஞாயிறு மதியம் திரும்புவோம். நானும் கணவரும், 4 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள், மரக்கறி மட்டும் சாப்பிடும் மாமி, கனடாவிலிருந்து வந்திருக்கும் மச்சான் என்று ஆறு பேர். வியாழன் இரவே சோறும் கறியும் சமைத்து எடுத்துக்கொண்டு போனால் எனக்கும் ஓய்வாக இருக்கும் என்று நினைக்கிறேன். இன்னொருவர் மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுவந்து தருவதாகச் சொல்லி முற்பணம் கேட்கிறார். எது நல்லது? – கோப்பாய் வாசகி

பதில்: தங்கச்சி, முற்பணத்தைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள். ஏனென்று பிறகு சொல்கிறேன். வியாழன் இரவுச் சமையலும் வேண்டாம்.

அரிசியில் ஒரு கிருமி இருக்கிறது. சோறு கொதிக்கும்போதும் அது சாகாமல் வித்துப்போல உறங்கிக் கிடக்கும். சோறு ஆறி இளஞ்சூட்டில் இருக்கும் நேரத்தில் விழித்துப் பெருகி நஞ்சு விடும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. அதனால்தான் "நல்லாச் சூடாக்கித்தானே குடுத்தனாங்கள்" என்று சொல்பவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் சத்தி எடுக்கிறார்கள். சமைத்த சாப்பாடு வெளியில் இருக்கக்கூடியது 2 மணித்தியாலம். வெயில் 32 பாகைக்கு மேல் ஏறினால் ஒரு மணித்தியாலம். ஓகஸ்டில் நம் ஊர் வெயில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். தேங்காய்ப்பால் விட்ட கறி இன்னும் கெதியில் பழுதாகும்.

ஆகவே காய்ந்த சாமான்களைக் கொண்டுபோய், ஒரு நேரத்தில் சாப்பிட்டு முடிக்கக்கூடிய அளவை மட்டும் அங்கேயே சமையுங்கள். அடுத்த வேளைக்கு மிச்சம் வைக்காதீர்கள்.

ஒரேயொரு விதிவிலக்கு தருவேன். அது புளிச்சாதம். ஆனால் அதைச் செய்யும் முறை சரியாக இருக்க வேண்டும். பழப்புளியைத் தடிப்பாகக் கரைத்து, நல்லெண்ணெயில் கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள், வெந்தயத்தூள், உப்புடன் எண்ணெய் மேலே மிதக்கும்வரை வற்றவிடுங்கள். இந்தப் புளிக்காய்ச்சலை வியாழனே செய்து போத்தலில் போட்டு வைக்கலாம். சோற்றை மட்டும் வெள்ளிக்கிழமை விடியத்தான் சமைக்க வேண்டும். உதிரியாக வடித்து, அகலமான தாம்பாளத்தில் மெல்லியதாகப் பரப்பி, ஆவி முழுவதும் போனபிறகு புளிக்காய்ச்சலைக் கிளறுங்கள். வெள்ளையாக ஒரு பருக்கைகூட இருக்கக்கூடாது. வாயில் வைத்தால் பல் கூச வேண்டும். அந்தப் புளிப்புத்தான் கிருமியைப் பெருகவிடாமல் காக்கிறது. சூட்டோடு மூடினால் மூடியில் வியர்க்கும் தண்ணீர் சோற்றில் சொட்டும், சொட்டிய இடத்தில் புளிப்புக் குறையும், அங்கேதான் பழுது தொடங்கும். வெங்காயம் போடாதீர்கள், தேங்காய்ப்பூவும் வேண்டாம். கூடவே ஒரு உருளைக்கிழங்குப் பிரட்டல் இருந்தால் நல்லது என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள், பொரித்த மோர்மிளகாயும் வேப்பம்பூ வடகமும் போதும். தயிர்ச்சாதமும் தேசிக்காய்ச் சாதமும் இந்த விதிவிலக்குக்குள் வரமாட்டா. இவ்வளவு கவனமாகச் செய்தாலும் இது வெள்ளி மதியத்துக்கு மட்டுந்தான். பின்னேரம் மிச்சமிருந்தால் காகத்துக்கு வையுங்கள்.

வெள்ளி இரவு எல்லோரும் களைத்திருப்பீர்கள். அரைக் கிலோ அரிசி, 200 கிராம் மைசூர்ப் பருப்பு, வெட்டிய பூசணித் துண்டுகள், உள்ளி, மஞ்சள், உப்பு எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டு அவித்தால் ஆறு பேருக்கும் காணும். மாமிக்கு ஊறுகாய். மற்றவர்களுக்கு 425 கிராம் ரின் மீன் ஒன்றை உடைத்து, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், தேசிக்காய்ப் புளியுடன் சம்பலாகப் பிசைந்துவிடலாம், அடுப்பே வேண்டாம். உடைத்த ரின்னை அந்த நேரத்திலேயே முடித்துவிடுங்கள்.

காலைக்குப் புட்டு வேண்டாம். சோளகக் காற்றில் மணற்காட்டில் மா குழைத்தால் பாதி மணல்தான் வாய்க்குள் போகும். வீட்டிலேயே ரவையை வறுத்து, கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்துச் சேர்த்து ஒரு டப்பாவில் அடைத்துவிடுங்கள். அங்கே தண்ணீர் கொதித்தவுடன் கொட்டிக் கிளறினால் பத்து நிமிடத்தில் உப்புமா. சனிக்கும் ஞாயிறுக்கும் இரண்டு டப்பா. ஞாயிறு காலை முட்டையும் அவிக்கலாம். கழுவாமல் ஓட்டோடு கொண்டுபோங்கள். சின்னவனுக்கு நடுவில் பசித்தால் வறுத்த அரிசிமா, எள்ளு, பனங்கட்டி சேர்த்துப் பிடித்த உருண்டையும் கதலி வாழைப்பழமும் போதும்.

சனி மதியம் கூழ் காய்ச்சுங்கள். கூழ் பின்னேரத்துக்குரியது என்பது எனக்கும் தெரியும். ஆனால் மீன் கரைக்கு வருவது காலையில். காலையில் வாங்கியதை மதியமே சமைத்துவிட வேண்டும். பனங்கிழங்கில் எடுத்த ஒடியல் மாவை அரை மணித்தியாலம் ஊறவைத்து மேல் தண்ணீரை வடித்தால் கைப்புக் குறையும். பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை, கொஞ்சம் அரிசி எல்லாம் அவிந்து, அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் மாவும் சேர்ந்து கொதித்ததும், மாமிக்குரியதை வேறு பாத்திரத்தில் முதலில் எடுத்துவிடுங்கள். அகப்பையும் வேறாக இருக்கட்டும். மீனை வேறு சட்டியில் உப்பும் மஞ்சளும் போட்டு அவித்து வைத்திருந்து, அதற்குப் பிறகு மிச்சக் கூழில் சேர்க்கலாம். கரையில் வாங்கும்போது செவுள் சிவப்பாகவும் கண் தெளிவாகவும் இருக்கிறதா பாருங்கள். சூரை மீனை வெயிலில் கிடந்த பிறகு வாங்கவே கூடாது. அதில் உண்டாகும் நஞ்சும் சமையலில் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலை இடிக்கும்.

சனி இரவு சோறும் சோயாக் கறியும். சுவையூட்டிய பைக்கற்றுகளில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று மாமிக்காக ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும், ஆகவே வெறும் சோயாவை வாங்குங்கள். தேங்காய் திருவவும் வேண்டாம். தேங்காய்ப்பால் மாவை இறக்கும்போது கரைத்து விடலாம்.

தண்ணீர்: குடிக்க ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லீற்றர், சமைக்கவும் கழுவவும் இன்னும் 2 லீற்றர். இரண்டு நாளுக்கு 60 லீற்றர். 19 லீற்றர்ப் போத்தல் மூன்றும், வீட்டில் உறையவைத்த ஒன்றரை லீற்றர்ப் போத்தல் நாலும் எடுத்தால் சரி. உறைந்த போத்தல்களை றெஜிபோம் பெட்டிக்குள் மரக்கறியோடு வையுங்கள். உருகியபின் அதுவே குடிதண்ணீர். வழியில் விற்கும் ஐஸ்கட்டியை வாங்கிப் பிள்ளைகளின் சர்பத்துக்குள் போடாதீர்கள். அது மீனுக்கு அடித்த ஐஸ். எந்தத் தண்ணீரில் செய்தார்கள் என்று விற்பவருக்கே தெரியாது. "குடிக்கலாம் அக்கா, பிரச்சினை இல்லை" என்று எனக்கே சொல்லியிருக்கிறார்கள்.

சரி, இனி அந்த மூன்று வேளைச் சாப்பாட்டுக்காரர். சில வருடங்களுக்கு முன் ஒரு சாரணர் பாசறைக்குச் சமையல் பொறுப்பாக என்னைக் கூப்பிட்டார்கள். கடைசி நாள் மதியத்துக்கு மட்டும், ஆசிரியர்களுக்கு இரக்கப்பட்டு, ஒருவரிடம் பார்சல் சொன்னோம். விடியமுன் சமைத்து, சூட்டோடு சுற்றி, பெட்டியில் அடுக்கி, வானில் வைத்துப் பகல் ஒரு மணிக்குக் கொண்டுவந்தார். பார்சல் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. சூடாக இருக்கிறதே என்று எல்லோருக்கும் சந்தோஷம். அந்த வெதுவெதுப்புத்தான் கிருமிக்கு வேண்டியது. பொழுதுபடமுன் பிள்ளைகள் வரிசையாகச் சத்தி எடுக்கத் தொடங்கினார்கள். ஒரு பிள்ளையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை இருந்தேன். அந்த மனிதர் அதன்பிறகு தொலைபேசியை எடுக்கவேயில்லை.

உங்களிடம் பணம் கேட்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எங்கே சமைக்கிறீர்கள், எத்தனை மணிக்கு இறக்குகிறீர்கள், எத்தனை மணிக்கு எங்கள் கையில் தருவீர்கள்? பெரும்பாலும் அவர் சமைப்பவரே இல்லை. உங்களிடம் ஒரு விலை சொல்லி, எங்கோ ஒரு கடையில் குறைந்த விலைக்கு எடுத்து, நடுவில் நிற்பவர். கடையில் பழுதென்றால் கடையைத் தேடிப் போகலாம், இவரை எங்கே தேடுவது? கடைக்காரர் பிரதேச சபையில் உரிமம் எடுக்க வேண்டும், பொது சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார். வானில் வருபவரை யார் பார்க்கிறார்கள்? 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது. பார்சல் சுற்றும் பொலித்தீன் தாளான லஞ்ச் ஷீற்றை 2017இல் தடை செய்தார்கள், இன்றும் பார்சல் அதில்தான் வருகிறது. பரிசோதகர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஒருவருக்கு எத்தனை கிராமம்! ஆனால் பிள்ளைகள் விழுந்தபிறகு மாதிரி எடுப்பதையும் அறிக்கை எழுதுவதையும் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

இன்னொரு பொறி, சின்ன காஸ் போத்தல். பாரமில்லாத அடுப்புக்குப் போடும் அந்த மெல்லிய தகரப் போத்தலை வீட்டுச் சிலிண்டரிலிருந்து திரும்ப நிரப்பி மலிவாக விற்கிறார்கள். வீட்டுக் காஸின் அழுத்தம் கூட. அந்தத் தகரம் அதற்காகச் செய்ததில்லை. வாயில் கீறலோ நெளிவோ இருந்தால், மூடி இல்லாமல் இருந்தால் வாங்காதீர்கள். ஒன்று முழுச்சுவாலையில் ஒன்றரை மணித்தியாலம்போல எரியும். காற்றில் இன்னும் குறையும். நாலு புதிது எடுங்கள். காற்றை மறைக்க ஒரு தகரத் தட்டியை அடுப்பிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள், சுற்றி முழுதாக மூடினால் போத்தல் சூடேறும். மழை தூறினாலும் அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். மணமில்லாத நச்சுப் புகை உறங்கும் ஆளை எழுப்பாது. சவுக்கங்காட்டுக்குள்ளும் வேண்டாம், காய்ந்த சவுக்கஞ்சருகு ஒரு பொறிக்குப் போதும். வெறும் மணலில், பக்கத்தில் ஒரு வாளி மணலோடு சமையுங்கள். தங்குவதற்கு யாரிடம் அனுமதி என்று கேட்டால் ஒரு கந்தோர் மற்றக் கந்தோரைக் காட்டும். முதலில் கிராம சேவையாளரைப் பாருங்கள்.

ரின் மீன், பால்மா, சோயா வாங்கும்போது திகதிக்கு மேல் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குச் சொல்லலாம். வீங்கிய ரின்னைக் கடைக்காரர் பாதி விலைக்குத் தந்தாலும் தொடாதீர்கள்.

சாமான் பெட்டியின் மேலே, வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பைக்கற் நாலு இருக்கட்டும். சின்னவனுக்கு வயிறு குழம்பினால் ஒரு பைக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். குடித்ததெல்லாம் சத்தியாகப் போனால், அல்லது பிள்ளை சோர்ந்து சிறுநீர் போகாமல் கிடந்தால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை கிட்டத்தான். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசமாக வரும்.